குல்லாய், துருக்கித் தொப்பி, கம்பாயம்
(திருவண்ணாமலையில் ஆற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அரபு, இஸ்லாமியப் பண்பாடுகளில் உடையும் தலையணியும் என்று அழைப்பிதழில் போட்டிருக்கிறார்கள். அண்ணாமலையார் ஊரில் வந்து அரேபியாக்காரர் தொப்பியைப் பற்றியா பேசுவது என்று உங்களில் சிலருக்குத் தோன்றியிருக்கும். இந்தத் தலைப்பைப் பேச இதைவிடப் பொருத்தமான ஊர் எனக்குத் தெரியவில்லை. வெளியே போனதும் ராஜகோபுரத்தை அண்ணாந்து பாருங்கள். பதினொரு நிலை, 217 அடி. அந்தப் பணியைத் தொடங்கிவைத்தவர் கிருஷ்ணதேவராயர். தஞ்சை செவ்வப்ப நாயக்கர் முடித்துவைத்தார். ஆயிரங்கால் மண்டபமும் சிவகங்கைத் தீர்த்தமும் ராயர் பெயரோடு சேர்ந்தவை. இத்தனையும் செய்த அந்த ராயர் தம் அரசவையில் என்ன உடுத்தி அமர்ந்திருந்தார்?

1520ஐ ஒட்டி விஜயநகரத்துக்கு வந்த தோமிங்கோ பாயஸ் என்ற போர்ச்சுகீசியர் அவரை நேரில் பார்த்து எழுதிவைத்திருக்கிறார். பொன்னிழையால் ரோஜாப்பூக்கள் போட்ட வெள்ளை அங்கி. கழுத்தில் வைர ஆபரணம். தலையில் சரிகைப் பட்டில் தைத்த உயரமான குல்லாய். கால் மட்டும் வெறுங்கால். பாயஸுக்கு அந்தக் குல்லாய் ஸ்பெயினின் கலீசியப் பகுதித் தலைக்கவசத்தை நினைவுபடுத்தியது. அந்த அங்கியைத் தெலுங்கில் கபாயி என்றார்கள். அரபு உலகில் ‘கபா’ என்று வழங்கிய நீண்ட கை வைத்த மேலங்கிதான் அது. குல்லாய், பாரசீகத்துக் ‘குலாஹ்’. ராயருக்கு எழுபது, எண்பது ஆண்டு முன்பே இந்த வழக்கம் வந்துவிட்டது. 1443இல் ஹிராத்திலிருந்து தூதராக வந்த அப்துர் ரஸ்ஸாக், இரண்டாம் தேவராயரைப் பட்டுக் கபாயில் கண்டதாக எழுதுகிறார். கர்நாடக அரசவைக்குப் போனால் குல்லாய் போட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறதே என்று தெலுங்குக் கவி ஸ்ரீநாதர் நொந்துகொண்ட தனிப்பாடலும் உண்டு. புலவருக்கு அது தலைக்குப் பாரமாக இருந்திருக்கிறது.

திருமலையில் கிருஷ்ணதேவராயரும் இரு தேவியரும் கைகூப்பி நிற்கும் செப்புச் சிலைகளைப் பார்த்திருப்பீர்கள். அங்கே ராயருக்கு அங்கி இல்லை. திறந்த மார்பு, இடுப்பில் வேட்டி. தலையில் மட்டும் அந்தக் கூம்புக் குல்லாய். பிலிப் வாகனர் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1996இல் எழுதிய கட்டுரையில் இந்த இரட்டை வழக்கத்தை அழகாக விளக்கியிருக்கிறார். மேலாடை இல்லாமல் இறைவன் முன் நிற்பது நம் மரபில் பணிவு. ஹோர்முஸிலிருந்து குதிரை கொண்டுவந்த வணிகருக்கும் ஹிராத்திலிருந்து வந்த தூதருக்கும் அதே கோலம் அரைகுறை ஆடையாகத் தெரியும். கோயிலுக்கு ஒன்று, அவைக்கு ஒன்று என்று ராயர்கள் பிரித்துக்கொண்டார்கள். சுல்தான்களோடு போர் நடந்துகொண்டுதான் இருந்தது. அங்கியை மாற்றச் சொல்லி யாரும் அவர்களை நெருக்கவில்லை. குல்லாய் போட்டதால் ராயரின் சைவ, வைணவத் திருப்பணி எதுவும் குறையவும் இல்லை.

இன்று நான் சொல்ல வந்தது இதைத்தான். உடையில் மதம் கேட்டது கொஞ்சம். ஊரும் தறியும் கப்பலும் சேர்த்தவை மிகுதி. ஆள்கிறவர் ‘இதைப் போடு’ என்றோ ‘இதைக் கழற்று’ என்றோ ஆணையிட்ட இடங்களில்தான் ஒரு துணி மதத்தின் அடையாளமாக இறுகிப்போயிருக்கிறது.

இந்த ஊரோடு இன்னும் நெருக்கமான கதை ஒன்று. மாசி மகத்தன்று அண்ணாமலையார் பள்ளிகொண்டாப்பட்டுக்குப் போய் வல்லாள மகாராஜாவுக்கு மகன் முறையில் திதி கொடுப்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்தப் போசள மன்னர் மூன்றாம் வல்லாளர், மதுரைச் சுல்தான் கியாசுத்தீனிடம் சிக்கி 1343ஐ ஒட்டிக் கொல்லப்பட்டார். அவருடைய உடலைப் பாடம் செய்து மதுரைக் கோட்டைச் சுவரில் தொங்கவிட்டிருந்ததைக் கண்ணால் கண்டதாக எழுதியவர் இப்னு பதூதா. மொராக்கோவிலிருந்து புறப்பட்டுப் பாதி உலகத்தைச் சுற்றியவர். இலங்கையிலிருந்து வரும்போது கப்பல் உடைந்து நம் கரையில் ஒதுங்கினார். அப்போது சுல்தான் பாளையமிட்டிருந்த இடத்தை அவர் ‘ஹர்காத்து’ என்கிறார். அதை ஆற்காடு என்று கொள்வோர் உண்டு.

சுல்தான் முன்னால் போக ஒரு நிபந்தனை. காலில் தோல் உறை அணியாமல் யாரும் மன்னரைக் காணக் கூடாது. இப்னு பதூதாவிடம் அது இல்லை. சுற்றி எத்தனையோ முஸ்லிம்கள் நின்றிருக்க, முஸ்லிம் அல்லாத ஒருவர் தம்முடையதைக் கொடுத்தாராம். அவருடைய பெருந்தன்மை தமக்கு வியப்பாக இருந்தது என்று எழுதியிருக்கிறார். இந்த ஒரு சம்பவத்துக்குள் எத்தனை இருக்கிறது பாருங்கள். மதுரை முஸ்லிம் அரசவை கேட்ட உடை மொராக்கோ முஸ்லிம் ஒருவரிடம் இல்லை. முஸ்லிம் அல்லாத ஒருவரிடம் அது இருந்திருக்கிறது. நூற்றெழுபது ஆண்டு கழித்து, குல்லாய் அணிந்த ராயரின் அவையிலோ காலணியோடு யாரும் நுழையக் கூடாது. முஸ்லிம் அரசர் அவையில் இதுதான், இந்து அரசர் அவையில் அதுதான் என்று நாம் போடுகிற கோடு அந்தக் காலத்துக்காரர்களுக்குப் பிடிபடாது.

சரி, மார்க்கம் என்ன கேட்கிறது? ஆணும் பெண்ணும் உடலை நாணத்தோடு மறைக்க வேண்டும், எவ்வளவு என்பதில் சட்ட அறிஞர்களுக்குள் வேறுபாடு உண்டு. ஆண்களுக்குத் தூய பட்டு ஆகாது என்று நபிமொழி. ஆரணி இந்த மாவட்டத்தில்தான் இருக்கிறது. அங்கே நெய்கிற பட்டு முஸ்லிம் வீட்டு மணப்பெண்ணுக்கு உண்டு, மாப்பிள்ளைக்குக் கிடையாது. மனிதர்களுக்குப் பட்டின் மேல் உள்ள ஆசை அதற்கும் ஒரு வழி கண்டது. குஜராத்தில் மஷ்ரூ என்றொரு துணி நெய்கிறார்கள். பார்ப்பவர் கண்ணுக்குப் பட்டு, போட்டவர் தோலில் பருத்தி. மார்க்கமும் காப்பாற்றப்பட்டது, மாப்பிள்ளையும் மினுங்கினார்.

ஆனால் ஹஜ் பயணத்துக்கு மட்டும் ஆண்களின் உடை ஐயத்துக்கு இடமின்றி விதிக்கப்பட்டிருக்கிறது. இஹ்ராம் என்பது தையல் இல்லாத இரண்டு துணிகள், வழக்கத்தில் வெள்ளை. ஒன்று இடுப்பில், ஒன்று தோளில். தலையில் எதுவும் கூடாது; கணுக்காலை மூடும் காலணி கூடாது. பெண்கள் வழக்கமான உடையில் போகலாம். அந்த நிலையில் முகத்திரை இடக் கூடாது. கிரிவலப் பாதையில் வேட்டியும் துண்டுமாக வெறுங்காலில் நடக்கிற நம் அடியார் ஒருவரைக் காபாவைச் சுற்றுகிறவர் பக்கத்தில் மனத்தளவில் நிறுத்திப் பாருங்கள். நான் இதிலிருந்து சமய ஒற்றுமைக்குப் பேச்சுப் போட்டிப் பாடம் எதுவும் எடுக்கப் போவதில்லை. இரண்டு மரபும் இறைவனிடம் போகும்போது தையற்காரனையும் செருப்புக்காரனையும் பின்னால் விட்டுவிடச் சொல்கின்றன, அவ்வளவுதான். இன்று நாம் ‘முஸ்லிம் உடை’ என்றதும் நினைவுக்கு வருகிற தொப்பி, ஜுப்பா, ஷெர்வானி எதற்கும் அந்தப் புனிதமான இடத்தில் வேலையில்லை.

தொப்பிக்கு வருவோம். நபிகளார் தலைப்பாகை கட்டியவர் என்பதால் தலைப்பாகைக்குப் பெருமதிப்பு. அந்த மதிப்பே அரசர்களுக்குக் கருவியாகவும் ஆனது. 1301இல் எகிப்தின் மம்லூக் அரசு, கிறிஸ்தவர் நீலத் தலைப்பாகையும் யூதர் மஞ்சளும் சமாரியர் சிவப்பும் கட்ட வேண்டும் என்று ஆணையிட்டது. வெள்ளை முஸ்லிம்களுக்கு. தெருவில் எதிரே வருகிறவரின் மதத்தைத் தலையைப் பார்த்தே தெரிந்துகொள்ளும் ஏற்பாடு.

பிறகு ஃபெஸ் வந்தது. சிவப்புக் கம்பளித் தொப்பி, உச்சியில் கருங்குஞ்சம். நம் ஊரில் துருக்கித் தொப்பி. இதன் வரலாற்றை அறிந்தால் சிரிப்பதா வருந்துவதா என்று தெரியாது. துருக்கியில் அது 1829இல்தான் அரசு உடையானது. சுல்தான் இரண்டாம் மஹ்மூத், பழைய ஜானிசரிப் படையை 1826இல் ஒழித்துக்கட்டிய கையோடு, அரசு ஊழியர் எல்லாரும் தலைப்பாகையை விட்டு ஃபெஸ் போட வேண்டும் என்றார். முல்லாக்கள் மட்டும் தலைப்பாகையை வைத்துக்கொள்ளலாம். மதம் எதுவானாலும் ஊழியர்களுக்கு ஒரே தொப்பி. விளிம்பு இல்லாததால் தொழுகையில் நெற்றி தரையில் படவும் தடையில்லை. பழமைவாதிகளுக்கு அது பிடிக்கவில்லை. ஒரு நூற்றாண்டு கூட ஆகவில்லை, 1925 நவம்பரில் முஸ்தபா கமால் அதே ஃபெஸ்ஸைச் சட்டம் போட்டுத் தடை செய்து ஐரோப்பியத் தொப்பியை மாட்டச் சொன்னார். இப்போது பழமைவாதிகள் ஃபெஸ்ஸுக்காகத் தெருவில் இறங்கினார்கள். எதிர்த்தவர்களில் சிலரைத் தூக்கில் போட்டார்கள். இஸ்கிலிப் ஊர் ஆதிஃப் என்ற மார்க்க அறிஞர், சட்டம் வருவதற்கு முன்பே எழுதிய ஒரு சிறு நூலுக்காக 1926இல் தூக்கிலிடப்பட்டார். ஒரு தொப்பிக்காக. இடையில் 1908இல் ஆஸ்திரியா போஸ்னியாவைத் தன்னோடு சேர்த்துக்கொண்டபோது, துருக்கியர் ஆஸ்திரியச் சரக்கைப் புறக்கணித்தார்கள். அந்தப் பட்டியலில் ஃபெஸ்ஸும் இருந்தது. துருக்கியர் அணிந்த ஃபெஸ்ஸில் பெரும்பங்கு அப்போது ஆஸ்திரியப் பேரரசின் ஆலைகளிலிருந்து வந்துகொண்டிருந்தது.

இந்தத் தொப்பி தமிழ் பேசும் மண்ணில் ஒரு வழக்காக மாறியது. இலங்கையில், 1905 செப்டம்பரில். யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த எம்.சி. அப்துல் காதர் அந்நாட்டின் முதல் முஸ்லிம் அட்வகேட். கொழும்பு உச்ச நீதிமன்றத்தில் ஃபெஸ் அணிந்து வழக்காட எழுந்தார். தலைமை நீதிபதி சர் சார்லஸ் லேயார்ட் அதை நீதிமன்றத்துக்குச் செய்யும் மரியாதைக் குறைவாகக் கருதினார். ஆங்கிலேயருக்குத் தொப்பியைக் கழற்றுவது மரியாதை. முஸ்லிமுக்குத் தலையை மூடியிருப்பது மரியாதை. தொப்பியோடு வழக்காட முடியாது என்றதும் அப்துல் காதர் வெளியேறினார். இலங்கை முஸ்லிம்களான சோனகர் சமூகம் கொதித்தெழுந்தது. ஐ.எல்.எம். அப்துல் அசீஸ் முன்னின்று இயக்கம் நடத்தினார். 1905 டிசம்பர் 31 அன்று கொழும்பு மருதானைப் பள்ளிவாசல் திடலில் பெருங்கூட்டம். இந்தியாவிலிருந்து ரஃபியுத்தீன் அகமது என்ற பாரிஸ்டரைப் பேச வரவழைத்தார்கள். அடுத்த ஆண்டு அரசு இறங்கிவந்தது. முஸ்லிம் வழக்கறிஞர்கள் ஃபெஸ்ஸோடு வழக்காடலாம் என்று அனுமதி கிடைத்தது. இலங்கை முஸ்லிம்களின் அரசியல் விழிப்புக்கு இதையே தொடக்கமாகச் சொல்வார்கள்.

அதில் நான் ரசிக்கும் பகுதி வேறு. சோனகர் தலைக்கு ஃபெஸ் எப்போது வந்தது? எகிப்தில் ஆங்கிலேயரை எதிர்த்துத் தோற்ற ஒராபி பாஷாவை 1883இல் ஆங்கிலேயரே இலங்கைக்கு நாடு கடத்தினார்கள். 1901 வரை அங்கே இருந்தார். இலங்கை முஸ்லிம் சீர்திருத்தர் சித்திலெப்பையோடு சேர்ந்து முஸ்லிம் பிள்ளைகளின் கல்விக்கு உழைத்தார். அவரையும் அவரோடு வந்த பாஷாக்களையும் பார்த்துத்தான் கொழும்பு, கண்டிச் சோனகரிடையே ஃபெஸ்ஸும் கால்சட்டையும் பரவின. ஆக, 1905இல் காலங்காலமான மார்க்க மரபு என்று வாதாடப்பட்ட தொப்பிக்கு அந்தத் தீவில் வயது இருபதைச் சுற்றி. அதைக் கொண்டுவந்து சேர்த்ததும் ஆங்கிலேயரின் நாடுகடத்தல் ஆணைதான். இதனால் அப்துல் காதர் செய்தது தவறென்று ஆகிவிடாது. நேற்று வந்த தொப்பியானாலும் கழற்று என்று இன்னொருவர் அதட்டினால் அது மானப் பிரச்சினையாகிவிடும். 2022இல் கர்நாடகத்துக் கல்லூரி மாணவிகளின் ஹிஜாப் வழக்கில் இரண்டு உச்ச நீதிமன்ற நீதிபதிகள் ஆளுக்கொரு தீர்ப்பு எழுதினார்கள். அதைப் படித்தபோது எனக்கு லேயார்ட்தான் நினைவுக்கு வந்தார். ஈரானில் ரெசா ஷா 1936இல் பெண்களின் முக்காட்டைக் காவலரை விட்டுக் கழற்றினார். 1979க்குப் பிறகு வந்த அரசு காவலரை விட்டே போட வைத்தது. இரண்டும் எனக்கு ஒரே அரசாகத்தான் தெரிகின்றன.

அரபுத் தலைத்துணிக்கும் இதே விதி. கட்டம் போட்ட கெஃபியே பாலஸ்தீனத்தில் உழவரும் பதூவியரும் வெயிலுக்கும் புழுதிக்கும் போட்டுக்கொண்ட துணி. நகரத்துக் கனவான்கள் ஃபெஸ்தான் போட்டார்கள். ஆங்கிலேயரை எதிர்த்த கிளர்ச்சியின்போது, 1938 ஆகஸ்டில், நகரத்தாரும் கெஃபியே அணிய வேண்டும் என்று கிளர்ச்சித் தலைமை உத்தரவு போட்டது. எல்லாத் தலையும் ஒன்றுபோல இருந்தால் கிளர்ச்சிக்காரர் யாரென்று சிப்பாய்களுக்குத் தெரியாதல்லவா? அன்றைய மறைப்புத் துணி இன்று ஒரு நாட்டின் கொடி மாதிரி ஆகிவிட்டது.

இனி நம் வீட்டுக்கு வருகிறேன். 1906இல் டபிள்யூ. பிரான்சிஸ் தொகுத்த தென்னார்க்காடு மாவட்ட விவரச்சுவடி வெளிவந்தது. திருவண்ணாமலை அப்போது தென்னார்க்காட்டில் ஒரு தாலுகா. அதில் இந்தப் பகுதித் தமிழ் முஸ்லிம்களின் உடை பற்றிச் சில வரிகள் வருகின்றன. மரக்காயரும் லெப்பையும் வண்ணப் புல்லால் முடைந்த உயரமான தொப்பி அணிவார்கள், கட்டம் போட்ட கம்பாயம் உடுத்துவார்கள்; ராவுத்தர்கள் பலர் இந்துக்களைப் போலவே உடுத்துகிறார்கள் என்கிறது அந்த நூல். புல் தொப்பி! துருக்கிக் கம்பளியும் இல்லை, அரபுத் தலைத்துணியும் இல்லை. பத்தமடையில் பாய் நெய்கிறவர்களும் லெப்பைமார்தான் என்பதை நினைத்துக்கொண்டால், கோரையும் புல்லும் தெரிந்த கைகள் தொழுகைத் தொப்பியையும் அதிலேயே முடைந்ததில் வியப்பில்லை. மதம் தலையை மூடச் சொன்னது. எதைக் கொண்டு என்பதை ஊர் முடிவு செய்தது.

கம்பாயத்தின் கதை அதைவிட நீளம். கட்டம் போட்ட இந்த இடுப்புத் துணிக்கு உலகச் சந்தையில் பேர் வாங்கிக் கொடுத்த துறைமுகம் பழவேற்காடு. 1613இல் டச்சுக்காரர் அங்கே கெல்திரியா கோட்டையைக் கட்டியதே இந்தத் துணிக்காகத்தான். கிழக்குத் தீவுகளில் மிளகும் கிராம்பும் சாதிக்காயும் விற்கிறவர்கள் சோழமண்டலத் துணியை விரும்பிக் கேட்டார்கள். எந்தத் தீவுக்கு எந்த நிறம், எத்தனை அகலம், எந்தக் கரை என்று தறிக்கே ஓலை வரும். இன்றும் மலேசியாவில் வெள்ளிக்கிழமைத் தொழுகைக்கு ஒரு மலாய்க்காரர் உடுத்துகிற கட்டம் போட்ட சாரத்துக்குப் பெயர் ‘காயின் பெலிகாட்’, பழவேற்காட்டுத் துணி. அவர் அதைத் தம் இஸ்லாமிய உடை என்று நினைக்கிறார், நினைக்கட்டும், நியாயம்தான். நம்மூரில் அதுவே பாளையக்காட்டுக் கைலி. குடியாத்தத்திலும் குறிஞ்சிப்பாடியிலும் தறியில் ஓடுகிற கைலியை உடுத்தாத சாதியோ மதமோ தமிழ்நாட்டில் இல்லை. ஏமன் நாட்டு ஆண்கள் இடுப்பில் கட்டுகிற ஃபூத்தாவும் ஏறக்குறைய இதேதான். அரபுக்காரரின் உடை நமக்கு வந்தது என்று மட்டும் பேசுகிறோம். கடற்கரையில் மூட்டைகள் இறக்கப்பட்ட அளவுக்கு ஏற்றவும் பட்டன.

பெண்களின் உடையைப் பற்றிப் பேச எனக்குக் கொஞ்சம் தயக்கம். ஆண்கள் இதில் ஏற்கெனவே நிறையப் பேசிவிட்டார்கள். காயல்பட்டினம், கீழக்கரை, அதிராம்பட்டினம் பக்கம் முஸ்லிம் பெண்கள் சேலைக்கு மேல் வெள்ளைத் துப்பட்டி போர்த்தித்தான் வெளியே வருவார்கள். ஒரே நீளத் துணி, தையல் இல்லை. வேலூர், வாணியம்பாடி, இந்த ஊர் என்று உருது பேசும் குடும்பங்களில் தைத்த புர்கா. 1970களுக்குப் பின் வளைகுடாவுக்கு ஆண்கள் வேலைக்குப் போகத் தொடங்கினார்கள். பெட்டியில் கருப்பு அபாயா வந்தது. துப்பட்டி மெல்ல மெல்லப் பாட்டிமார்களோடு நின்றுகொண்டது. இதை அரபுமயம் என்று ஒரு தரப்பு கடிந்துகொள்கிறது. அசலான மார்க்க உடை இப்போதுதான் வந்தது என்று இன்னொரு தரப்பு மகிழ்கிறது. இரண்டு தரப்பும் கொஞ்சம் அமைதி கொள்ளலாம். கருப்பு என்று மார்க்கம் எங்கும் விதிக்கவில்லை. கொழும்புக்கு ஒராபி பாஷாவோடு ஃபெஸ் வந்ததுபோல, இங்கே வளைகுடாச் சம்பளத்தோடு அபாயா வந்தது. உடுத்துகிற பெண் தன் விருப்பத்தில் உடுத்தினால் அதற்குமேல் நாம் கேட்க ஒன்றும் இல்லை.

ஒன்றை மட்டும் நான் இழப்பாகக் கருதுகிறேன். போன உடை போகட்டும். அது இருந்ததற்கான சான்றும் கூடவே போகிறது. 1906இன் வண்ணப் புல் தொப்பியை நான் கண்ணால் பார்த்ததில்லை. எந்தப் புல், என்ன சாயம், யார் முடைந்தார்கள், என்ன விலைக்கு விற்றது என்று விவரச்சுவடி சொல்லவில்லை; அதிகாரிக்கு அதில் அக்கறை இல்லை. கபாயி கிடைக்காவிட்டாலும் ராயரைச் சிலையிலும் சுவரோவியத்திலும் பார்த்துக்கொள்ளலாம். லெப்பை நெசவாளிக்கும் வெற்றிலைக் கொடிக்கால்காரருக்கும் சிலை வைத்தவர் யார்?

மாணவர்களிடம் ஒரு கோரிக்கையோடு அமர்கிறேன். திருவண்ணாமலை, ஆரணி, வந்தவாசி, செய்யாறு, போளூர் என்று உங்கள் ஊர்களில் எண்பது வயது தாண்டியவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டுத் தகரப் பெட்டியில் பாட்டியின் துப்பட்டி இருக்கலாம், குஞ்சம் உதிர்ந்த துருக்கித் தொப்பி இருக்கலாம், சாயம் மங்கிய கம்பாயம் இருக்கலாம். முஸ்லிம் வீடுதான் என்றில்லை. நெய்தவர் வீட்டிலும் விற்றவர் வீட்டிலும் கேளுங்கள். அனுமதி பெற்றுப் படம் எடுங்கள். நீளம், அகலம், நிறம், நெய்த ஊர், உடுத்தியவரின் தொழில் இவற்றை எழுதிவையுங்கள். கல்லூரி நூலகத்தில் ஓர் அலமாரி போதும். அடுத்த ஆண்டு இந்த அறக்கட்டளைச் சொற்பொழிவை ஆற்ற வருகிறவர் யாராக இருந்தாலும், அந்த அலமாரியைத் திறந்து காட்டுங்கள். ஒரு புல் தொப்பி கிடைத்தால் எனக்கும் சொல்லியனுப்புங்கள். எந்த வண்டி பிடித்தாவது வந்துவிடுகிறேன்.